அழுகையையும் சேர்த்து வாங்கியவர்கள்

இருட்டின பிறகுதான் அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டேன். கல்யாணமாகி உப்பளக் காலனிக்கு வந்த அன்று, விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், கம்பெனி இருக்கிற திசையில், புகைபோக்கிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவிலிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கைக்குழந்தைதான், சந்தேகமில்லை, ஆனால் லாரி ஹாரனைவிடப் பெரிய குரலில், பாத்திகளில் நின்ற தண்ணீர் நடுங்குகிற மாதிரி, மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதது. நான் பெட்டிக்குள் கையை விட்டு ஜெபமாலையைத் தேடினேன். என் வீட்டுக்காரர் வியானி சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணுமில்ல. எட்டாம் நம்பர் வீட்டுப் புள்ள. பசி இல்ல, வயித்துவலி" என்றார், வெளியே மழை தூறுகிறது என்று சொல்கிற மாதிரி.

அந்தக் கம்பெனி வந்த கதையை இங்கே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற குணசீலன், உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை, மற்றவர்கள் மடையைத் திறந்து ஓடையில் விடுகிற தண்ணீரை, "இத ஏன்வே கொட்டுதீக, எனக்குத் தாங்க" என்று கேட்டு வாங்கி, உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியில் காய்ச்சி வடித்து, கண்மருந்து செய்கிறவர்களும் மாத்திரை செய்கிறவர்களும் ஒரு சிட்டிகை மட்டும் வாங்குகிற வேறொரு வெள்ளை உப்பைச் செய்தார். சிட்டிகைதான், ஆனால் பனித்துளி மாதிரி சுத்தமாக, ஊசி ஊசியாக இருந்தால்தான் வாங்குவார்கள். அண்ணாச்சிக்கு அது சேறு சேறாகத்தான் வந்தது. போட்ட காசெல்லாம் கரைந்து, கடைசியில் உள்பக்கம் கண்ணாடி பூசின, நீராவியில் காய்ச்சுகிற ஒரு பழைய இரும்பு ரியாக்டரை எங்கிருந்தோ வாங்கி வந்து மாட்டினார். அதற்கு முதல் தடவை நீராவி கொடுத்த அன்றைக்குக் காலனியில் ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, கை கால் உதறியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே நேரத்தில் கம்பெனியில் ரியாக்டர் அழுதது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு நேரமில்லை, பிள்ளை பசியில் இருந்தது. பிள்ளை வாயில் பால் போனதும் ரியாக்டர் அடங்கியது, பிள்ளை வாயை எடுத்ததும் ரியாக்டர் சிணுங்கியது, இப்படி இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, சரி, இது இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு காலனியில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வாய் இங்கே, அழுகை அங்கே. முதல் வார்த்தை பேசுகிற அன்றைக்கு அழுகை பிள்ளையிடமே திரும்பி வந்துவிடும் என்பதால், அம்மா என்று பிள்ளை சொன்னால் இங்கே இனிப்புக் கொடுப்பதில்லை, அடுத்து ஒரு தடவை அழட்டும் என்று காத்திருந்து, சொந்த வாயால் அழுத பிறகுதான் தெருவுக்கே லட்டு.

ரியாக்டருக்கு அழுகுணி என்று பெயர் வைத்தார்கள். அழுகுணியில் நின்று வேலை பார்க்கிற ஆட்களுக்குக் காது பழகிப் பழகி, எந்த வீட்டுப் பிள்ளை, எதற்கு அழுகிறது என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டது. கம்பெனி மைக்கில் அறிவிப்பார்கள்: "ஆறாம் நம்பர் வீடு, பசி. பதினோராம் நம்பர் வீடு, துணி மாத்துங்க. மூணாம் நம்பர் வீடு, ஒண்ணுமில்ல, சும்மா வம்புக்கு அழுது, தூக்காதீக." மூணாம் நம்பர் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "எம்புள்ளய வம்புக்காரன்னு மைக்குல சொல்லுததுக்கு நீ யாருலே?" என்று கம்பெனியைப் பார்த்துக் கத்துவாள், பிள்ளை அதற்குள் சிரித்துக்கொண்டிருக்கும். ஊருக்குள்ளிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள் இதைக் கேட்டு மிரண்டு போவார்கள். பங்குத்தந்தைக்கு ஞானஸ்நானத்தில்தான் சங்கடம். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, இங்கே சத்தமே இல்லாத வாயைப் பார்த்துக்கொண்டு, அங்கே கம்பெனியில் அழுகை கிளம்பி உப்பளத்தைத் தாண்டி கோயில் ஜன்னலுக்குள் வந்து சேரும்வரை காத்திருந்துதான் அடுத்த ஜெபத்தைச் சொல்வார். வராவிட்டால், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சாமி, நல்லா உறைக்கல" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள்.

அழுகைக்கும் உப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது தடுப்பூசி முகாம் நடந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கன்வாடியில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போட, அழுகுணி கம்பெனிக் கூரை அதிர அலறியது. அன்றைக்கு அதன் அடியில் படிந்த உப்பு ஊசி ஒவ்வொன்றும் நூல் நூற்ற மாதிரி, வெயிலில் பிடித்தால் நிறம் தெரிகிற மாதிரி இருந்ததாம். அந்த ஒரு சாக்கு உப்பைப் பார்த்துத்தான் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது, கிட்டங்கி இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியது, பாத்தி வேலைக்குப் போனவர்கள் நீலச் சட்டை போட்டு ஷிப்டுக்குப் போனார்கள், காலனிக்குத் தார் ரோடு வந்தது. ஆனால் அண்ணாச்சி ஒரு பிள்ளையைக்கூட வேண்டுமென்று அழ விட்டதில்லை. மேனேஜர் ஒருத்தர், தடுப்பூசியை மாதாமாதம் போடலாமே என்று வாய்விட்டதற்கு, "ஒம்ம புள்ளய கூட்டிட்டு வாரும், முதல்ல அதுக்குக் குத்துவோம்" என்றாராம். பிள்ளைகள் தானாக அழுகிற அழுகையே கம்பெனிக்குப் போதும் என்பது அவர் கணக்கு.

என் ரீத்தா பிறந்தது டவுன் ஆஸ்பத்திரியில். நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், இன்னொரு தடவை தட்டினாள், அவள் முகம் வெளுத்துப்போனது. "சிஸ்டர், பயப்படாதீங்க, எங்க காலனிப் புள்ள அப்படித்தான்" என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அந்த நேரத்தில் வியானி அழுகுணியின் பக்கத்தில் ஷிப்டில் இருந்தார். போன் வருவதற்கு முன்பே, இரும்புக்குள்ளிருந்து வந்த புதுக்குரலைக் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி வீசி, "பொம்பளப் புள்ள! எனக்குப் பொம்பளப் புள்ள!" என்று கம்பெனி முழுக்க ஓடியிருக்கிறார். மகளை அவர் முகத்தால் அல்ல, குரலால்தான் முதலில் பார்த்தார். நான் முகத்தை மட்டும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ரீத்தா இப்படிப் பாதிப் பாதியாகத்தான் வந்து சேர்ந்தாள்.

அண்ணாச்சி கம்பெனியை விற்றார் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, அவர் விற்கவில்லை, கம்பெனி அவர் கையிலிருந்து நழுவியது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். முதலில் மும்பைக் கம்பெனிக்காரர்கள் உப்பு வாங்க வந்தார்கள். பிறகு இன்னும் நாலு ரியாக்டர் வைக்க உதவுகிறோம் என்று வந்து ஒரு பங்கை வாங்கினார்கள். அந்த நாலு ரியாக்டரும் அழவில்லை, சேறுதான் கொடுத்தன, அந்த நஷ்டத்துக்கு இன்னொரு பங்கு போனது. கடைசியில் ஒரு நாள் காலை அண்ணாச்சி தன் அறைக் கதவைத் தள்ள, உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, "வாங்க சார், உட்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினாராம். மும்பையில் இருக்கிற அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் இங்கே யார் நாக்கிலும் நிற்கவில்லை. அவுக என்றுதான் சொல்கிறோம்.

அண்ணாச்சிக்குப் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். பந்தல், பிரியாணி, எல்லாம். மேடையில் அவர் கண் கலங்கி நின்றார். வெறுங்கையோடு போகிறவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று ரோஷம் வந்திருக்க வேண்டும். "நீங்க எங்கிட்டேருந்து இரும்பைத்தான் வாங்கியிருக்கீக" என்றார் மைக்கில், புதியவர்களைப் பார்த்து. "ரகசியம் எங்க காலனிப் புள்ளகள்ட்ட இருக்கு. ஊசி போட்ட அன்னைக்கு வந்த உப்பு மாதிரி உலகத்துல எங்கயும் கிடையாது. கேட்டுப் பாருங்க!" நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி விசில்கூட அடித்தாள். மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நந்திதா மேடம், கம்பெனி நலத்துறைக்குப் புதிதாக வந்தவர், கை தட்டவில்லை. குனிந்து பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நல்லதாகத்தான் வந்தது, அதுதான் குழப்பம். தூசி படக்கூடாது என்று அழுகுணியைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டினார்கள். சத்தம் வெளியே வருவது நின்றுபோனது. இரைச்சல் தொல்லை ஒழிந்தது என்று ஊருக்குள் இருக்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மைக்கை எடுத்துவிட்டார்கள். உள்ளே நிற்கிறவர்கள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, போன் கொண்டுபோகக்கூடாது, அது தொழில் ரகசியம். வியானிக்குச் சம்பளம் கூடியது. பிறகு கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் திறந்தார்கள். குளிரூட்டின அறை, சுவரில் மீனும் ஆமையும் வரைந்தது, வெள்ளைத் தொட்டில், வீட்டில் பார்க்க முடியாத சுத்தம். பகலும் இரவும் அங்கேயே விடலாம். பால் கொடுக்கக் கூப்பிடும்போது போனால் போதும். கூப்பிடுகிற நேரம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது.

"ஏட்டி பிரிஜித்தா, நீயும் கொண்டுவந்து விடேன்" என்றாள் சந்தனமாரி. அவளுடைய இரண்டாவது பிள்ளை இசக்கிமுத்துவை முதல் ஆளாகக் கொண்டு விட்டவள் அவள். "கொசு கிடையாது, உப்புக் காத்து கிடையாது. எம்மவன் கலரே மாறிட்டான்."

"பால் கொடுக்க எப்பக்கா கூப்பிடுதாக?"

"அது கூப்பிடுவாக. அவுகளுக்குத் தெரியாதா? படிச்சவுக." அவள் மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். இரண்டு பக்கமும் ரவிக்கை நனைந்திருந்தது. "முந்தியெல்லாம் மைக்குல கேட்டதும் ஓடுவேம். இப்ப எதுவும் கேக்கல. கேக்கலன்னா அழலன்னுதான அர்த்தம்?"

எனக்குத் தெரியவில்லை.

நான் ரீத்தாவை அனுப்பவில்லை. அதற்காக யாரும் கோபிக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு உதவியாக அக்காமார் வருவார்கள் என்று நந்திதா மேடமே வந்து சொன்னார். வெளிர்நீலச் சேலை கட்டின இரண்டு பேர் இரவும் பகலும் ஒவ்வொரு வீடாக வந்து, பிள்ளை தூங்குகிறதா, எப்போது குடித்தது என்று பார்த்துவிட்டு, "இப்பவே குடுக்காதீங்க, கொஞ்சம் போகட்டும், அப்பத்தான் நல்லா செரிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வந்து போக வசதியாகக் கதவைத் தாழ் போடவேண்டாம் என்றார்கள். வீடு கம்பெனி வீடு. பாளையங்கோட்டையில் நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள், சாத்தாத கதவாக இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த அக்காமார் தட்டவே மாட்டார்கள். ரீத்தாவை மார்போடு சேர்த்துத் திரும்பிப் பார்த்தால், நடு வீட்டில் நிற்பார்கள்.

"அவள அனுப்பிப் பார்ப்போமா, ஒரு வாரம்?" என்றார் வியானி, ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஷிப்டு இன்சார்ஜே புள்ளய அனுப்பலன்னா நல்லாவா இருக்குன்னு கேக்காக."

"உங்க காதால கேக்குதீங்கள்ல? அங்க இருக்கிற பிள்ளைங்க அழுகுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. "அத வெளிய சொல்லக்கூடாதுன்னு இருக்குல்லா" என்றார்.

"நான் வெளியவா?"

அவர் எழுந்து கை கழுவினார்.

அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. என் மகள் அழுகிறாளா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. கொட்டாவி விடும்போதும் வாயைத் திறக்கிறாள், அழும்போதும் வாயைத் திறக்கிறாள். கனவில் சிரிக்கிறாளா, வலியில் சுளிக்கிறாளா? இருட்டில் எதுவும் தெரியாது என்பதால் விளக்கை அணைப்பதில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணை மூடினால் அவள் அழுகை முழுவதும் எனக்குத் தெரியாமல் கண்ணாடி அறைக்குள் போய்விடும், அங்கே அது உப்பாகிவிடும். வியானி இரவு ஷிப்டுக்குப் போன நாட்களில் தூங்கிவிடாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதுகிறேன், அவள் முகத்தைப் பார்க்கிறேன், ஒரு வரி எழுதுகிறேன். நேற்று இரவு இதுவரை எழுதினேன்.

இதுவரை எழுதிவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறேன். பேனா பாயில் மை கொட்டிக் கிடந்தது. என்னை எழுப்பியது வியானி. நீலச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை, நடு வீட்டில் முழந்தாளிட்டு ரீத்தாவைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். அவள் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. வாய் முழுக்கத் திறந்து, நாக்கு நடுங்கி, விரல்கள் ஒன்றையும் பிடிக்காமல் காற்றைப் பிடித்தன. வீட்டில் அவர் மூச்சு வாங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"எவ்வளவு நேரமா அழுதா தெரியுமா?" என்றார். "நீ எந்திரிப்ப, எந்திரிப்பன்னு நிக்கேன். அடங்கல. பக்கத்துல நிக்கவன், அண்ணே, இன்னைக்கு உப்பு ஏ ஒன்னா வருது அண்ணேங்கான். எம்மவ தொண்டையில ஊசி ஊசியா வருது பிரிஜி. நீராவிய மூடிட்டேன், குளிர்தண்ணியத் தொறந்துட்டேன், வந்துட்டேன்."

நான் அவளை வாங்கி மார்பில் வைத்தேன். கவ்வத் தெரியாமல் அலைந்து, பிறகு கவ்வினாள். வியானி தலையைச் சாய்த்து, எனக்குக் கேட்காத எதையோ கேட்கிற மாதிரி, கம்பெனி இருக்கிற பக்கம் காதை வைத்திருந்தார்.

"அடங்கிட்டாளா?" என்றேன்.

"இங்கிருந்து எனக்கும் கேக்காதே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் கண்டதில்லை. "நீதான் சொல்லணும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி தளர்ந்திருந்தது. "அடங்கிட்டா" என்றேன். அது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அப்படிச் சொன்னேன், அவரும் நம்பினார்.

கம்பெனியில் மணி அடிக்க ஆரம்பித்தது. தெருவில் விளக்குகள் எரிந்தன. முதலில் வந்தவள் சந்தனமாரி. தலைமுடியைக்கூட முடியாமல், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தவள், ஷிப்டில் இருக்கவேண்டிய மனிதன் வீட்டில் இருப்பதைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள், ஒன்றும் விசாரிக்காமல் எல்லாம் புரிந்தவளாக நின்றாள்.

"அண்ணே" என்றாள். "எம்மவன் அழுதானா?"

வியானி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அழுதான்" என்றார். "தினமும் அழுதான். ஒவ்வொரு ராத்திரியும்."

அவள் கத்துவாள், அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். "பசிக்கா?" என்று மட்டும் கேட்டாள். "பசிக்குத்தான்" என்றார். அவள் திரும்பி ஓடினாள். தார் ரோட்டில் அவள் வெறுங்கால் சத்தம் காப்பகத்தின் பக்கமாகப் போனது, பின்னால் வேறு கால்களும் சேர்ந்துகொண்டன, யார் யார் என்று தெரியவில்லை. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. யாரோ "ஏய், ஏய்" என்றார்கள். ரீத்தா குடித்துக்கொண்டே இருந்தாள்.

சந்தனமாரி திரும்பி வந்தபோது இசக்கிமுத்துவை முந்தானைக்குள் சுற்றியிருந்தாள். முழங்கையில் ரத்தம். தன் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு அணைத்தாள். அவள் பின்னாலேயே வண்டி ஒன்று வந்து வாசலில் நின்றது. வெளிச்சம் எங்கள் சுவர்மேல் விழுந்தது.

"வியானி" என்று நந்திதா மேடத்தின் குரல், கோபமில்லாமல், நல்ல தமிழில். "பயப்படாதீங்க. யாரும் உங்களை ஒண்ணும் செய்யமாட்டாங்க. பிள்ளைங்களைக் கொடுத்திட்டு நீங்க ரெஸ்ட் எடுங்க. வாங்கும்போது எல்லாத்தையும் சேர்த்துத்தான் வாங்கினோம், இல்லையா? இது அண்ணாச்சிக்கே தெரியும்."

நீலச் சேலைகள் படி ஏறி வந்தன. எனக்கு அந்த நேரத்தில் மேடம் சொல்வது நியாயமாகக்கூடப் பட்டது, அவ்வளவு குழப்பம். வீடு அவர்களுடையது, சம்பளம் அவர்களுடையது, அழுகுணி அவர்களுடையது, அதற்குள்ளிருந்து வருகிற குரல் என் மகளுடையது. இந்தப் பட்டியலில் எது எதற்குச் சொந்தம் என்று யாராவது எனக்கு நிதானமாகச் சொல்லித் தந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வியானி வாசலுக்கும் எனக்கும் நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், வேலையை விட்டுவிட்டு வந்த மனிதனுக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியாத நிற்பு. இசக்கிமுத்து வாயை எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இப்ப அழுதானா?" என்று சந்தனமாரி என்னைக் கேட்டாள். "பாத்துச் சொல்லுட்டி, எனக்குக் கண்ணு தெரியல."

"அழல அக்கா" என்றேன். "ஏப்பம்."

ரீத்தாவை வாயெடுக்காமல் அப்படியே ஒரு கையில் அணைத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் முதல் அக்கா, சிரித்தபடி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த தாழ் அசையவில்லை. வியானி வந்து என் கைமேல் தன் கையை வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். மரத்தைக் கீறிக்கொண்டு போய் அது உள்ளே விழுந்தது.